பற்ற மறுக்கும் பொறி



தமிழில் 'பொறி' என்னும் சொல் பல பொருள் தரும். நெருப்பினின்று தெறிக்கும் துளி பொறி. மனிதன் செய்த எந்திரமும் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் பொறிகள். எலியைப் பிடிக்க வைப்பதும் பொறிதான். இந்த நான்கு பொருளும் ஓரிடத்தில் கூடும் தருணம் ஒன்று உண்டு. அது எந்திரம் கிளம்ப மறுக்கும் தருணம். எந்திரமாகிய பொறிக்குள் தீயாகிய பொறி பற்றவில்லை. ஏன் பற்றவில்லை என்பதை ஐம்பொறிகளைக் கொண்டே அறியவேண்டும். அவசரப்பட்டுக் கை வைத்தால் அதுவே கையைப் பிடிக்கும் பொறியாகவும் மாறிவிடும்.

கிளம்ப மறுக்கும் சிறிய வானூர்தி எந்திரத்துக்கு இலக்கிய விழாவில் என்ன வேலை என்று அவையோர் எண்ணக்கூடும். பொருநைக் கரையின் எழுத்தில் ஆறு உண்டு, வயல் உண்டு, கோயில் உண்டு, சந்தை உண்டு. அதே நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில், விண்ணுக்குச் செல்லும் பெரும்பொறிகள் பற்றவைத்துப் பார்க்கப்படுகின்றன. அங்கே நடைபெறும் வேலையும், கிணற்றடியில் எந்திரத்தின் முன் குனிந்து நிற்கும் உழவரின் வேலையும் அடிப்படையில் ஒன்றே. 'ஏன் மறுக்கிறாய்' என்று பொறியைக் கேட்பதும், அது தரும் மறுமொழியைத் திரிக்காமல் ஏற்பதுமே அவ்வேலை. கிணற்றடியில் தொடங்கி, ஓடுதளத்தைக் கடந்து, மகேந்திரகிரியில் முடிவது இப்பேச்சின் வழி.

கிணற்றடியில்

தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் வயல்களில் காரும் பிசானமும் ஆற்று நீரால் விளைந்தன. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் கிணறே துணை. கமலையும் மாடும் நின்ற இடத்திற்குப் பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. மின்சாரம் வந்தபின் அதுவும் பல இடங்களில் ஓய்வு பெற்றது. ஆயினும் அதைக் கிளப்பிய பழக்கம் மூத்த உழவர் பலரின் கைகளில் இன்றும் இருக்கிறது.

அதற்கு ஒரு முறை உண்டு. உருளைக்குள் அழுத்தம் ஏறாதபடி மேலுள்ள நெம்புகோலைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். கனத்த சக்கரம் வேகம் பெற்றதும் நெம்புகோலை விடவேண்டும். உள்ளே அடைபட்ட காற்று அழுந்திச் சூடேறும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். பற்றவில்லை என்றால் இளைஞர் மறுபடியும் சுற்றுவார். மூச்சு வாங்க மூன்றாம் முறையும் சுற்றுவார். அனுபவம் உடையவரோ கைப்பிடியைக் கீழே வைத்துவிடுவார். தொட்டியில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு டீசல் வரும் குழாயின் மரையைச் சிறிது தளர்த்துவார். நுரையும் குமிழியுமாக வடிந்து, பின் குமிழியின்றி டீசல் வழியும் வரை பொறுத்திருந்து மரையை முடுக்குவார். 'ஏர் பிடித்திருந்தது' என்பதே அவர் சொல்லும் விளக்கம். அடுத்த சுற்றில் எந்திரம் கிளம்பிவிடும்.

இளைஞரிடம் இருந்தது வலிமை. மூத்தவரிடம் இருந்தது வரிசை. மறுக்கும் பொறியோடு மல்லுக்கு நின்று வென்றவர் இல்லை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த வரிசையும் இதுவே. அவையோர் அனைவர்க்கும் மனப்பாடமான குறள் ஆதலின் அதை இங்கே எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்கு கேள்விகள்

நெல்லைச் சீமைக்குச் சிறிய வானூர்தி முற்றிலும் புதியதன்று. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் 1992-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளில் பறப்புக் கழகங்கள் பல, நெடுங்காலம் மாணவர்க்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது 'புஷ்பக்' என்னும் ஊர்தியில். பெங்களூரில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் உருவாக்கிய அவ்வூர்தி 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரலாம். நான்கு உருளைகளும் 90 குதிரைத்திறனும் உடைய கான்டினென்டல் எந்திரம் அதன் முகப்பில் இருந்தது.

இத்தகைய எந்திரம் பெட்ரோலால் இயங்குவது. டீசலைப் போலத் தானே பற்றாது, பொறி வேண்டும். அப்பொறியைத் தருவது மேக்னெட்டோ. உள்ளே ஒரு காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறந்து பிளக்கின் நுனியில் பொறியாகத் தெறிக்கிறது. பேட்டரியின் தயவு இதற்குத் தேவையில்லை. வானில் பேட்டரி செத்தாலும் எந்திரம் ஓடவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஓர் எந்திரத்துக்கு இரண்டு மேக்னெட்டோக்கள், ஓர் உருளைக்கு இரண்டு பிளக்குகள். ஒன்று கைவிட்டால் மற்றொன்று காக்கும்.

வானில் காக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தரையில் ஒரு குறை உண்டு. காந்தம் மெல்லச் சுழன்றால் பொறி மெலியும். கிளப்பும்போது எந்திரம் மெல்லத்தானே சுழலும்? காலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடும் எந்திரத்தில் பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பொறி தெறிக்கவேண்டும். மெல்லச் சுழலும்போது அவ்வாறு தெறித்தால் பிஸ்டன் பின்னோக்கி உதைபடும். இவ்விரண்டுக்கும் தீர்வாக மேக்னெட்டோவின் தலையில் ஒரு சுருள்வில்லை வைத்தார்கள். அதற்கு இம்பல்ஸ் கப்ளிங் என்று பெயர். அது காந்தத்தைச் சிறிது பிடித்து நிறுத்தி, வில்லை முறுக்கேற்றி, பிஸ்டன் உச்சியை நெருங்கும் நேரத்தில் சட்டென விட்டுவிடும். காந்தம் துள்ளிச் சுழல, பொறி வலுவாகவும் தாமதமாகவும் தெறிக்கும். அந்நேரத்தில் 'டக்' என்று ஓர் ஓசை எழும். பழகிய மெக்கானிக்கின் செவி முதலில் தேடுவது அந்த ஓசையைத்தான். ஓசை இல்லையெனில், கெட்டிப்பட்ட எண்ணெய் அழுக்கில் அதன் கொக்கி சிக்கியிருக்கக்கூடும். எரிபொருளைக் குறைகூறிக்கொண்டு அரைநாளை வீணாக்க வேண்டியதில்லை.

ஆகவே கேள்விகள் நான்கு. எந்திரம் போதிய விரைவில் சுழல்கிறதா? தீப்பொறி உரிய நேரத்தில் தெறிக்கிறதா? எரிபொருளும் காற்றும் உரிய அளவில் சேர்கின்றனவா? சேர்ந்த கலவை கசியாமல் அழுந்துகிறதா? இந்நான்கும் 'ஆம்' என்றால் எந்திரம் கிளம்பியே தீரும். கிளம்பவில்லையெனில் இவற்றுள் ஒன்று 'இல்லை' என்கிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் விடை தரும் பொறி ஒன்று மனித உடலில் இருக்கிறது. சுழற்சியின் சோர்வைக் கண்ணும் செவியும் அறியும். பேட்டரி முனையில் பூத்த களிம்பு அதற்குக் காரணமாக இருக்கலாம். எரிபொருளை மூக்கு அறியும். பலமுறை முயன்றபின் கழற்றிய பிளக் உலர்ந்திருந்தால், உருளைக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வந்திருக்கிறது. ஒரே பிளக், ஈரத்தாலும் உலர்வாலும் தேடலின் திசையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

நான்காம் கேள்விக்கான சோதனையே இவற்றுள் அழகானது. உருளைக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, அளவுமானியின் முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இறங்கினால், காற்று எங்கோ ஒழுகுகிறது என்பது மட்டும் தெரியும். எங்கே என்பதைச் செவிதான் சொல்லவேண்டும். புகைக்குழாயின் வாயில் 'ஸ்ஸ்' என்று கேட்டால் வெளிப்போக்கு வால்வு தேய்ந்திருக்கிறது. கார்புரேட்டரின் வாயில் கேட்டால் உள்வாங்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டனின் வளையங்கள். ஒரே ஓசைக்கு அது எழும் இடத்தால் பொருள் மாறுகிறது. ஒரே சொல் சீரின் முதலில் நின்றால் ஒரு பொருளும் இறுதியில் நின்றால் வேறொரு பொருளும் தருவதைக் கண்ட கவிஞர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

வெயிலும் ஆவியும்

குளிர்நாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் உறைபனிக் காலையில் கிளம்பாத எந்திரத்தைப் பற்றியே பேசும். அங்கே பெட்ரோல் ஆவியாகத் தயங்கும். ஆகவே கிளப்புமுன் பிரைமர் என்னும் கைப்பம்பால் சிறிது பெட்ரோலை நேரே உள்ளே செலுத்துவார்கள். சித்திரை வெயில் காயும் தென்பாண்டிச் சீமையில் நிலைமை தலைகீழ். இங்கே பெட்ரோல் ஆவியாவதற்குத் துடிக்கிறது. நூலில் உள்ளபடி மூன்று நான்கு முறை பிரைமரை அழுத்தினால், உருளை பெட்ரோலில் குளித்துவிடும். பிளக் நனையும். உருளைச் சுவரில் காப்பாகப் படிந்த எண்ணெய் கழுவப்பட்டு அழுத்தமும் குறையும். முன்பு ஒரு காரணத்தால் மறுத்த எந்திரம் இப்போது மூன்று காரணத்தால் மறுக்கும்.

அதன் மருந்து எளிது. பெட்ரோலை முற்றிலும் நிறுத்தி, காற்றின் வழியை அகலத் திறந்து, எந்திரத்தைச் சிறிது சுழற்றவேண்டும். மிகுதி வெளியேறும், கலவை மெல்ல மெல்ல அளவுக்கு வரும், ஒரு புள்ளியில் தானே பற்றும். பற்றிய உடனே காற்றின் வழியைச் சுருக்கிப் பெட்ரோலைத் திறக்கவேண்டும். இம்மருந்துக்குக் கையின் பதம் தேவை. கூடவே, 'மிகுதியாக ஊற்றியது என் கையே' என்று ஒப்புக்கொள்ளும் மனமும் தேவை. அதை ஒப்புக்கொள்ளாதவர் இன்னும் ஊற்றுவார். அப்போது வழியும் பெட்ரோலில் தீப்பற்றும் இடரும் சேர்ந்துவிடும்.

வெயிலின் மற்றொரு விளையாட்டு, பறந்து இறங்கிச் சிறிது நேரம் நின்ற எந்திரத்தில் நிகழ்வது. சில எந்திரங்களில் பெட்ரோல் செல்லும் மெல்லிய குழாய்கள் உருளைகளின் மேலேயே படிந்து செல்லும். ஓடும்போது காற்று அவற்றைக் குளிர்விக்கும். நின்றவுடன் உருளையின் சூடு முழுவதும் குழாயில் ஏறும். உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்பு நீர்மத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. கிணற்றடி உழவர் 'ஏர் பிடித்திருந்தது' என்றாரே, அதற்கு இது உடன்பிறப்பு. தொட்டி நிறையப் பெட்ரோல் இருக்கும். எந்திரம் பட்டினி கிடக்கும். இந்த ஆவியின் கதையை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். மகேந்திரகிரியில் இது வேறு உருவில் மீண்டும் வரும்.

கை வைக்கும் முன்

தன்னியக்கிக் கருவி இல்லாத பழைய ஊர்திகளில் புரொபெல்லரைக் கையால் சுழற்றித்தான் எந்திரத்தைக் கிளப்பினார்கள். அதற்கென ஓர் உரையாடல் வகுக்கப்பட்டிருந்தது. வெளியே நிற்பவர் 'ஸ்விட்ச் ஆஃப்' என்பார். உள்ளே இருப்பவர் ஸ்விட்சைப் பார்த்துவிட்டு 'ஸ்விட்ச் ஆஃப்' என்று திருப்பிச் சொல்வார். அதன் பின்னரே கை புரொபெல்லரில் படும். சிலமுறை சுழற்றிக் கலவையை உள்ளே இழுத்தபின், விலகி நின்று 'கான்டாக்ட்' என்பார். உள்ளிருப்பவர் ஸ்விட்சைப் போட்டபின் 'கான்டாக்ட்' என்று திருப்பிச் சொல்வார். பிறகு ஒரே இழுப்பு. இழுத்த கையோடு உடலும் விலகும்.

சொல்லைத் திருப்பிச் சொல்லும் இவ்வழக்கம் வெறும் சடங்கன்று. எனினும் அச்சொல்லும் முழுக்காப்பு ஆகாது. மேக்னெட்டோவை நிறுத்தும் முறை சற்று விந்தையானது. வீட்டு விளக்கில் கம்பி அறுந்தால் விளக்கு அணையும். மேக்னெட்டோவிலோ, ஸ்விட்சை அணைப்பது என்பது அதன் மின்சாரத்தை ஒரு கம்பி வழியே எந்திரத்தின் உடலோடு இணைத்து வலுவிழக்கச் செய்வது. அந்தக் கம்பி அறுந்தால் ஸ்விட்ச் 'அணைந்தது' என்று காட்டும். மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது உருளையில் மிஞ்சிய துளிக் கலவை போதும். புரொபெல்லரை ஒருவர் விரலால் அசைத்தாலும் எந்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கையையும் உயிரையும் வாங்க அந்த ஒரு சுற்றே போதுமானது.

ஆதலின் வானூர்திப் பணியில் முதல் பாடம் பழுது பார்ப்பதன்று. சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், ஆள் இன்றி ஊர்தியைக் கிளப்பாதிருப்பதும், புரொபெல்லர் எப்போதும் உயிருள்ளது என்று கருதுவதுமே முதல் பாடம். கிளம்ப மறுக்கும் எந்திரம் செத்த எந்திரம் அன்று. ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாம் முறை, யாரும் எதிர்பாராத நேரத்தில், அது இசைந்துவிடும்.

பத்தாம் முறை இசைவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கிளம்பிவிட்டதே, போகலாம்' என்று மனம் சொல்லும். ஏன் மறுத்தது என்று தெரியாமலே கிளம்பிய எந்திரத்தோடு, அந்தக் காரணமும் வானில் ஏறுகிறது. ஐந்து இடங்களை ஒரே நேரத்தில் மாற்றி, எதனால் சரியாயிற்று என்று அறியாமல் விட்டாலும் அதே நிலைதான். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும், மாற்றியபின் சோதிக்கவேண்டும், கண்டதைக் குறித்து வைக்கவேண்டும் என்னும் ஒழுங்கு இதனாலேயே பிறந்தது. தரையில் மறுப்பது நட்பு. அந்த மறுப்பைக் கேளாமல் மேலே சென்றவர்க்கு, இறங்கி நின்று குழாயின் மரையைத் தளர்த்த வழியில்லை.

மகேந்திரகிரியில்

பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் மேற்கே நிமிர்ந்து நிற்பது மகேந்திரகிரி. கம்பர் கிட்கிந்தா காண்டத்தின் இறுதிப் படலத்துக்கு மயேந்திரப் படலம் என்றே பெயர். அனுமன் கடல் தாவ ஆயத்தமான மலை இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அதன் அடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் திரவ எரிபொருள் எந்திரங்களைச் சோதிக்கும் களத்தை அமைத்தது. 2014 பிப்ரவரி 1 முதல் அது இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்ற தனி அமைப்பாக இயங்கிவருகிறது. வானூர்தி எந்திரம் மறுத்தால் ஒரு பயணம் நின்றுபோகும். இங்கே சோதிக்கப்படும் எந்திரம் விண்ணில் மறுத்தால் பல்லாண்டு உழைப்பு கடலில் விழும். அவ்வாறு விழுந்ததும் உண்டு.

முதலில், விழாத ஒரு கதை. ஜி.எஸ்.எல்.வி. என்னும் பெரிய ஏவூர்தியின் முதல் பயணம் 2001 மார்ச் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடைபெற இருந்தது. அவ்வூர்தியில் நடுவே நிற்பது திட எரிபொருள் தூண். பற்றிவிட்டால் அதை அணைக்க இயலாது. ஆகவே பக்கவாட்டில் நிற்கும் நான்கு திரவ எந்திரங்களை 4.8 வினாடி முன்னதாகவே பற்றவைப்பார்கள். நான்கும் நலம் என்று கணிப்பொறி கண்ட பின்னரே நடுத்தூண் பற்றும். அன்று நான்கில் ஒன்று உரிய உந்துவிசையை எட்டவில்லை. நடுத்தூண் பற்றுவதற்குச் சற்று முன் கணிப்பொறி அனைத்தையும் நிறுத்தியது. ஊர்தி எழவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. பழுதான எந்திரம் மாற்றப்பட்டு, 21 நாட்கள் கழித்து, ஏப்ரல் 18-இல் ஊர்தி விண்ணேறியது. தரையில் மறுத்ததால் பிழைத்தது.

அந்த ஊர்தியின் உச்சிப் பகுதியில் இருந்த கிரையோஜெனிக் எந்திரம் அப்போது ரஷ்யாவிலிருந்து வாங்கப்பட்டது. தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தருவதாக 1991-இல் ஏற்பட்ட ஒப்பந்தம், அமெரிக்காவின் எதிர்ப்பால் 1993-இல் சுருங்கிவிட்டது. எந்திரங்கள் வந்தன, செய்முறை வரவில்லை. ஆகவே அந்த எந்திரத்தை இங்கேயே படைக்கவேண்டியதாயிற்று. திரவ ஹைட்ரஜன் சுழியத்துக்குக் கீழ் 253 பாகை; திரவ ஆக்சிஜன் 183 பாகை. இவ்விரண்டும் குழாய்களில் ஓடி, உரிய நொடியில் கலந்து, பற்றவேண்டும். இங்கேதான் சித்திரை வெயிலில் நின்ற சிறு ஊர்தியின் ஆவிக்கதை மீண்டும் வருகிறது. அத்தகைய குளிர்நீர்மத்துக்குச் சாதாரண உலோகக் குழாயே கொதிகலன். குழாயையும் பம்பையும் முன்னதாகவே கடுங்குளிரில் ஆழ்த்தாவிட்டால் ஹைட்ரஜன் ஆவியாகிவிடும். பம்பு வீணே சுழலும்.

எந்திரம் தேறியது. 2007 நவம்பர் 15-இல் மகேந்திரகிரியில் 720 வினாடி இடைவிடாது எரிந்து காட்டியது. 2010 ஏப்ரல் 15 மாலை 4.27 மணிக்கு, ஜி.எஸ்.எல்.வி. டி-3 ஊர்தி அதைச் சுமந்து எழுந்தது. முதல் 293 வினாடி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. 294-ஆம் வினாடியில் கிரையோஜெனிக் எந்திரத்துக்கு ஆணை சென்றது. பிறகு உந்துவிசை வளரவில்லை. ஊர்தி கடலில் விழுந்தது.

எந்திரம் பற்றவே இல்லை என்ற எண்ணமே அன்று மேலோங்கியது. ஆராய்ந்த குழுவினர் பதிவான அளவுகளை வினாடியின் பின்னங்களாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எந்திரம் பற்றியிருக்கிறது. ஊர்தியின் வேக வளர்ச்சி 2.2 வினாடி வரை முந்தைய பயணங்களை ஒத்தே இருந்திருக்கிறது. நின்றுபோனது தீப்பொறி அன்று. பற்றிய தீக்கு ஹைட்ரஜன் வரவில்லை. ஏன் வரவில்லை? தொட்டியிலிருந்து ஹைட்ரஜனை முதலில் தள்ளிக்கொடுக்கும் சிறு பம்பு, நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை ஏறி, 0.9 வினாடிக்குப் பின் தளர்ந்து, அடுத்த 0.6 வினாடிக்குள் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது? சுழல்தண்டு எங்கோ உரசி இறுகியிருக்கலாம். அல்லது பம்பின் உறை வெடித்திருக்கலாம். ஊர்தி கடலடியில் கிடக்கிறது. பிளக்கைக் கழற்றி ஈரமா உலர்வா என்று பார்க்க இயலாது. இரண்டு காரணங்களுக்கும் சேர்த்தே மருந்து செய்யவேண்டியதாயிற்று.

செய்த மருந்துகளில் இரண்டு கருதத்தக்கவை. முதலாவது, அந்தப் பம்பின் தாங்கிகளும் உறையும் கடுங்குளிரில் எவ்வளவு சுருங்கும், சுழலும்போது எவ்வளவு விரியும் என்பதை உட்கொண்டு அமைப்பை மாற்றினார்கள். இரண்டாவது, பற்றவைக்கும் வரிசையையே திருத்தினார்கள். திருத்தியதைத் தரையின் காற்றில் மட்டும் சோதித்து நிறைவடையவில்லை. காற்றை வெளியேற்றி, விண்ணின் வெறுமையை மகேந்திரகிரிக் கூடத்திலேயே உண்டாக்கி, அதற்குள் எந்திரத்தைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். எந்த நிலையில் மறுத்ததோ அந்த நிலையையே தரையில் படைத்து, அங்கே அதைக் கேள்வி கேட்டார்கள்.

திருத்திய எந்திரத்தோடு 2013 ஆகஸ்ட் 19-இல் எழவிருந்த டி-5 ஊர்தி, புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன் மறுபடியும் தரையில் மறுத்தது. இம்முறை இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. கசிவோடு அனுப்பிவிடலாம் என்று எவரும் துணியவில்லை. அடுக்கையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 மாலை 4.18-க்கு ஊர்தி எழுந்தது. கிரையோஜெனிக் எந்திரம் பற்றியது, நிலைத்தது, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக்கோள் அதன் பாதையில் சேர்ந்தது.

இத்தோடு முடிந்தது என்று எண்ணியிருந்தால் பொறி மீண்டும் ஒரு பாடம் சொல்லியது. 2021 ஆகஸ்ட் 12 விடியற்காலை எழுந்த எஃப்-10 ஊர்தியில் அந்த எந்திரம் கிளம்பவில்லை. ஆராய்ச்சி மறுபடியும் பின்னோக்கி நடந்தது. எரிகலத்துக்கு ஹைட்ரஜன் போதவில்லை. ஏனெனில் தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சிறு பம்பு முறையாக ஓடவில்லை. ஏனெனில் தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது. ஏனெனில் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றுவதற்காக அமைந்த வால்வு கசிந்திருக்கக்கூடும் என்பதே குழுவின் முடிவு. இதை எண்ணிப் பார்க்கவேண்டும். பம்பில் 2010-இல் குறை கண்டு திருத்தினார்கள். 2021-இல் அதே பம்பு தடுமாறியது; குறையோ பம்பில் இல்லை. நோய் காட்டும் இடமும் நோய் குடியிருக்கும் இடமும் வேறு வேறு. 'முன்பும் இதுதான், இப்போதும் இதுவாகத்தான் இருக்கும்' என்று பழைய விடையை எழுதியிருந்தால் வால்வு அடுத்த ஊர்தியிலும் கசிந்திருக்கும்.

எந்திரத்துக்கு ஆணை செல்லுமுன் தொட்டியின் அழுத்தத்தை நிறைவு செய்யும் ஏற்பாட்டையும், வால்வை வலுப்படுத்துவதையும், புறப்பாட்டுக்கு இசைவு தருமுன் இன்னும் சில அளவுகளைக் கணிப்பொறி தானே சரிபார்ப்பதையும் குழு பரிந்துரைத்தது. 2023 மே 29-இல் எஃப்-12 ஊர்தி வெற்றி கண்டது. மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்கான சி.இ.-20 என்னும் கிரையோஜெனிக் எந்திரம், 2024 பிப்ரவரியில் தகுதிச் சோதனைகளை முடித்தது. நான்கு எந்திரங்கள் 39 முறை பற்றவைக்கப்பட்டு, மொத்தம் 8,810 வினாடி எரிந்தன. 2025 பிப்ரவரி 7-இல் அதே எந்திரம் வெற்றிடக் கூடத்தில் மீண்டும் பற்றவைக்கப்பட்டது. விண்ணில் ஒருமுறை அணைந்தபின் மறுபடியும் கிளம்புமா என்பதே அந்நாளின் கேள்வி. மனிதர் ஏறும் ஊர்தியில் 'கிளம்பிவிட்டதே, போகலாம்' என்ற சொல்லுக்கு இடமில்லை. ஓடுதளத்தில் புரொபெல்லரின் முன் நின்றவரின் கைக்கு எந்த அளவு கவனம் உரியதோ, அதே அளவு கவனம் இங்கேயும் உரியது.

நிறைவாக

எந்திரத்தின் முன் நிற்பவர்க்கும் தாளின் முன் அமர்பவர்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு என்று சொல்வது எளிது. அதை மிகைப்படுத்துவதும் எளிது. கவிதை பற்றாவிட்டால் எவர் கையும் போவதில்லை. ஆயினும், எந்திரம் அறிந்தோரிடமிருந்து கவிஞர் கடன் பெறத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் மறுப்பை அவமதிப்பாகக் கொள்வதில்லை. உலர்ந்த பிளக்கை உலர்ந்தது என்றே எழுதுகிறார்கள். பற்றியது என்று தெரிந்தபின் 'பற்றவில்லை' என்ற முதல் எண்ணத்தைக் கைவிடுகிறார்கள். 'காரணமாக இருக்கலாம்' என்பதை 'காரணம்' என்று எழுதுவதில்லை. அந்த ஒரு விகுதி வேறுபாட்டில் ஓர் ஊர்தியின் விதி தொங்குகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் இதனினும் நுட்பமாக அறியவேண்டும்.

இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், மகேந்திரகிரி அடிவாரத்து முழக்கமும், மேட்டுக் கிணற்றடியில் மரையைத் தளர்த்திக் குமிழியை எண்ணிய கையும், பொருநைக் கரைக் கவிதையில் தமக்குரிய இடம் பெறுவதாகுக.